இரண்டு மணி நேரத்துக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

நிறைமாதத்தில் ஒரு பெண்ணின் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போய் வருகிறது. உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஐந்தாறு லிட்டர்தான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்களின் வாய்கள் அப்படியே திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றுவது கருப்பையின் தசைகள்தான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள், பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் போல இறுகி, நடுவில் ஓடும் குழாய்களை நெரித்து மூடிவிடுகின்றன. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது.

பெரும்பாலான தாய்மார்களுக்கு இது தானாக நடந்துவிடும். சிலருக்கு நடப்பதில்லை. நெடுநேர வலியில் களைத்த கருப்பை, இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து அளவு மீறி விரிந்த கருப்பை, நஞ்சின் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்ட கருப்பை ஆகியவை சுருங்காமல் தளர்ந்துவிடலாம். ஒன்பது மாதமும் ஒரு குறையும் இல்லாதிருந்த பெண்ணுக்கும் இப்படி ஆகலாம். மகப்பேற்றுக்குப் பின் ரத்தப்போக்குக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டி எந்த ஆபத்துக் குறியும் காட்டாதவர்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டெபோரா மெய்ன், பேறுகாலச் சிக்கல் தொடங்கியதிலிருந்து உயிர் போகும் வரை, சிகிச்சை கிடைக்காவிட்டால் சராசரியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மதிப்பிட்டார். கருப்பை கிழிந்தால் ஒரு நாள். ஜன்னி, அதாவது பேறுகால வலிப்பு, கண்டால் இரண்டு நாள். குழந்தை வெளிவர முடியாமல் தடைப்பட்டால் மூன்று நாள். கிருமித் தொற்று என்றால் ஆறு நாள். பிரசவத்துக்கு முன் ரத்தம் போனால் 12 மணி நேரம். பிரசவத்துக்குப் பின் போனால் இரண்டே மணி நேரம்.

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் நின்று இந்த இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த புதூர், இன்று மதுரைச் சாலையில் மாநகராட்சிக்குள் இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் புதூரைத் தாண்டித் தெற்கே போனால் மணிகண்டம் ஒன்றியத்து ஊர்கள்: நாகமங்கலம், அளுந்தூர் என்று வயலும் பொட்டலுமாக விரிந்து கிடப்பவை. அங்கே நள்ளிரவில் ஒருத்திக்கு வலி கண்டால் வண்டி வர வேண்டும், வந்த வண்டிக்கு வீடு தெரிய வேண்டும், அதற்கு முன்னால் வண்டியைக் கூப்பிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்ல வேண்டும். கடிகாரத்தை அதிகம் தின்பது இந்தக் கடைசி விஷயம்தான்.

1994இல் செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தாய்மார்களின் மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்றது. போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். மகப்பேற்று நலத்தைப் பற்றி உலகில் எங்கே பேச்செழுந்தாலும் இந்த மூன்றும் வந்துவிடும்.

திருச்சிக்காரர்களுக்கு இரண்டாவது தாமதத்தைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்கோட்டை தாயுமானசுவாமி கோயிலின் தலபுராணமே அதுதான். நிறைமாதத்தில் இருந்த ரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து அவள் தாய் புறப்படுகிறாள். காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில் நிற்கிறாள், மகளுக்கு வலி வந்துவிடுகிறது. இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தான் என்பது கதை. அதனால்தான் அவன் தாயுமானவன். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் பெண்கள் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். இந்தக் கதையில் பக்தியோடு ஒரு பட்டறிவும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நம்பியிருந்த ஒரே துணை வராமல் போகலாம், நம்பியிருந்த ஒரே வழி அடைபடலாம் என்பதை இந்த ஆற்றங்கரை மக்கள் அறிந்திருந்தார்கள்.

முதல் தாமதத்துக்கும் தமிழகத்திலேயே கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஒரு மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மருத்துவர் ஆண் என்பதால் அவர் வரக்கூடாது, அவருடைய மகள் வரட்டும் என்றார்கள். மகளோ மருத்துவம் படித்தவர் இல்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மகள்தான் பின்னாளில் மருத்துவம் படித்து வேலூரில் மருத்துவமனை எழுப்பிய ஐடா ஸ்கடர். அந்த இரவில் மருத்துவர் அருகிலேயே இருந்தார். வர அனுமதிதான் கிடைக்கவில்லை.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. பக்கத்து கேரளத்தில் 19. இந்த 54க்கும் 19க்கும் இடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பெண்கள்தான். வீடா, ஆஸ்பத்திரியா என்ற பழைய கேள்வி தீர்ந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எந்த நேரத்தில் என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, அங்கிருந்து தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மறுபடி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வண்டி ஏறும் பெண், மூன்று வாசல்களில் தன் இரண்டு மணி நேரத்தைச் செலவழிக்கிறாள். முதலிலேயே எந்த வாசல் என்று தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை. ரத்த வங்கியும் அறுவை அரங்கும் 24 மணி நேரமும் இயங்கும் மையங்களை நம் அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங்’ என்பார்கள். முந்தைய பிரசவம் சிசேரியன், இரட்டைக் குழந்தை, ரத்தக் கொதிப்பு, கடும் ரத்தசோகை, குள்ளமான உடல்வாகு என்று ஏதாவது இருந்தால் நேரே போக வேண்டிய இடம் சீமாங் மையம். ‘ஹைரிஸ்க்’ என்று தாய் சேய் நல அட்டையில் எழுதியிருப்பதை அந்தப் பெண்ணின் கணவரும் மாமியாரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதைப் பெருமையாகப் பேசும் காணொளிகள் இப்போது பரவுவதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைத்தது. ஆக்சிடோசின் ஊசியைக் காணொளியால் போட முடியாது.

மூன்றாவது தாமதம் குடும்பத்தின் கையில் இல்லை என்று நினைப்போம். அதிலும் ஓரளவு இருக்கிறது. ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்துக் கணிக்கும்போது, தேர்ந்தவர்கள்கூட உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்தது. தாயின் அடியில் அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, வழியும் ரத்தத்தை அளந்து, அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், உள்ளே பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. துணைக்கு நிற்கும் அம்மாவோ அக்காவோ, துணி நனைந்துகொண்டே இருக்கிறது என்று உடனே செவிலியரை அழைத்துச் சொல்வதும் இதே வேலைதான்.

இரண்டு மணி நேரம் என்பது சராசரிதான். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது இன்னும் சுருங்கும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராம் இருக்க வேண்டும். அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த அளவு இல்லை. 12 கிராம் உள்ளவள் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு, 7 கிராம் உள்ளவளைச் சாய்த்துவிடும். ஆக, பிரசவத்துக்கான ஏற்பாடு நான்காம் மாதத்தில் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் தொடங்குகிறது. ‘மாத்திரை போட்டா குழந்தை கறுப்பாப் பொறக்கும்’ என்று சொல்லிக் குப்பையில் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கறுப்பாவது மலம்தான், குழந்தை இல்லை. காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் ஏறாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும்.

ஜன்னி விஷயம் வேறு வகை. அதற்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் முன்னறிவிப்பை நாம் காதில் வாங்குவதில்லை. ‘மாசமா இருந்தா கால் வீங்கத்தானே செய்யும்’ என்பார்கள். கால் வீக்கம் சாதாரணமாகவும் வரும்தான். முகமும் கையும் சேர்ந்து வீங்கினால், தலை விடாமல் இடித்தால், கண் மங்கினால், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கலாம். 140/90ஐத் தொட்டதும் மருத்துவர்கள் எச்சரிக்கையாவது அதனால்தான். வலிப்பு வந்த பிறகு கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் மந்திரிக்கக் கூப்பிடுவதும் நேரத்தைத்தான் விழுங்கும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து வண்டியைக் கூப்பிட வேண்டும். மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான ஊசி இதற்கு மருந்து. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று 2002இல் நிறுவியது.

இவை போக, தீட்டுப் படுவது, வலி வராமலே பனிக்குடம் உடைவது, குழந்தையின் துடிப்பு குறைவது, காய்ச்சலும் துர்நாற்றமும் வருவது எல்லாமே மறுநாள் காலைவரை பொறுக்கக் கூடாதவை.

இவ்வளவையும் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லித்தராமல் இல்லை. செவிலியர் கல்லூரி மாணவிகள் படம் வரைந்த அட்டைகளோடு வருகிறார்கள். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து அறிகுறிகளை வாசிக்கிறார்கள். பிறகு கேள்வித்தாள் கொடுத்தால் பெண்கள் சரியாகவே பதில் எழுதுகிறார்கள். என் மனத்தாங்கல் இங்கேதான். விடை தெரிந்த மருமகளுக்கு, இரவு ஒரு மணிக்கு வண்டியைக் கூப்பிடும் உரிமை வீட்டில் இருக்கிறதா? பாடம் அவளிடம் போய்ச் சேர்கிறது, முடிவோ வேறொருவர் கையில் இருக்கிறது.

சொல்லித்தருவது வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அது எந்த வகைச் சொல்லித்தருதல் என்பதைக் கவனிக்க வேண்டும். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்களாக மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். யாரும் வந்து பாடம் நடத்தவில்லை. நம் ஊரில் எதனால் தாய்மார் இறக்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்று தங்களுக்குள் விவாதித்து, பணம் சேர்த்து, தூளி கட்டித் தூக்கிப்போக ஆள் ஏற்பாடு செய்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 30 விழுக்காடு குறைந்தது என்று 2004இல் வெளியான முடிவுகள் காட்டின. பிறகு ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ‘ஏக்ஜுட்’ அமைப்பு பழங்குடிப் பெண்களிடையே கதை, விளையாட்டு வழியே இதையே செய்து வெற்றி கண்டது. இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வறிக்கை சொல்வது வியப்பூட்டுகிறது: கர்ப்பிணிகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் குழுக்களில் சேர்ந்த ஊர்களில் தாய் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு ஊசி இந்த அளவுக்குப் பலன் தந்தால் அதைத் தலைப்புச் செய்தியாகப் போட்டிருப்போம்.

எனவே சுகாதார நிலையத்தில் பேச்சு இப்படிப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

“ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்தா யாரை எழுப்புவ?”

“அத்தையை, சிஸ்டர்.”

“அத்தை என்ன பண்ணுவாங்க?”

“சீரகக் கஷாயம் வெச்சுத் தருவாங்க. சூட்டு வலியா இருந்தா நின்னுடும்பாங்க.”

“நிக்கலைன்னா எவ்வளவு நேரம் பார்ப்பாங்க? வண்டிக்கு யார் போன் பண்ணுவா? உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வெளியூர்ல இருந்தா?”

இந்தக் கேள்விகளுக்கு அவளால் தனியே பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோதுதான் அடுத்த முறை அத்தையையும் வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். கஷாயம் வைப்பதில் குற்றமில்லை. இத்தனை நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்று பகலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வலியே இல்லாமல் ரத்தம் பட்டால் கஷாயத்துக்கும் நேரமில்லை, ராகு காலம் பார்க்கவும் நேரமில்லை.

நம் வழக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தலைச்சன் பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடுவாள். அவளை ஆறு மாதம் பார்த்து, ரத்தக் கொதிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் குறித்து வைத்திருந்த செவிலியர் ஓர் ஊரில் இருப்பார். அவளுக்கு வலி வரும்போது இன்னோர் ஊர், இன்னொரு செவிலியர். மிகவும் கவனம் வேண்டிய கடைசி மூன்று மாதங்களில் நாம் அவளைத் தெரியாத இடத்துக்கு இடம் மாற்றுகிறோம். இந்த வழக்கம் நல்லது என்றே நான் கருதுகிறேன். தாய் மடியில் கிடைக்கும் தைரியத்துக்கு ஈடில்லை. ஆனால் அவளோடு தாய் சேய் நல அட்டையும், கர்ப்பத்தைப் பதியும்போது தரும் ஆர்.சி.எச். எண்ணும் போக வேண்டும். போன மறுநாளே தாய் வீட்டுப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள். அரசு மருத்துவமனையில் பிரசவமும் சிசேரியனும் மருந்தும் ரத்தமும் இலவசம். 108 வண்டி இலவசம். 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட மொத்தம் 18,000 ரூபாய் தருகிறது. அது தவணையாகத்தான் வரும் என்பதால், துணைக்கு வருபவரின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஒரு சிறு தொகை தனியே முடிந்து வைத்திருக்க வேண்டும்.

108க்கு அழைத்தால் போனை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருப்பார். ‘புதூர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? திருச்சிக்குள்ளேயே எடமலைப்பட்டி புதூரும் இருக்கிறது, புத்தூரும் இருக்கிறது. முழுப் பெயரையும், பக்கத்துக் கோயிலையோ ரேஷன் கடையையோ தண்ணீர்த் தொட்டியையோ சேர்த்துச் சொல்ல வீட்டில் எல்லோரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்கூட, பழகியிருக்க வேண்டும்.

கர்ப்பிணியின் ரத்த வகையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அரிய வகையாக இருந்தால், கொடுக்கத் தயாராக உள்ள இரண்டு பேரின் பெயர் கையில் இருக்கட்டும். அவளுக்கு ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ‘ஆன்டி-டி’ ஊசியைப் பற்றிச் செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால், 72 மணி நேரத்துக்குள் போடும் அந்த ஊசி அடுத்த குழந்தையைக் காக்கும்.

அங்கன்வாடி மையங்கள் வழியே அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளுக்கு வளையலும் சீரும் கலவை சாதமும் கிடைக்கின்றன. வீட்டு வளைகாப்பிலோ அம்மா, மாமியார், நாத்தனார், கணவர், மாமன் என முடிவெடுக்கும் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இப்படி ஒரு கூட்டம் வேறு எந்த நாளிலும் சேராது. உங்கள் வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தால், அன்று விருந்துக்கு உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்த மருத்துவமனை, எந்த வண்டி, வண்டி வராவிட்டால் எந்த ஆட்டோ, உடன் போகிறவர் யார், அவர் இல்லாவிட்டால் யார், ரத்தம் கொடுப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதி, செவிலியரின் தொலைபேசி எண்ணோடு தாய் சேய் நல அட்டைக்குள் வையுங்கள். வண்டியைக் கூப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.